திங்கட்கிழமை ராகு காலத்தில் கிடைத்த அறை

எங்கள் வீட்டில் வெகுகாலமாகப் ‘பாயின்ட்’ என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் என் வீட்டுக்காரர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார்.

அது என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். மலையிலும் கடற்கரையிலும் ஓட்டல் மாதிரி தங்கும் இடங்கள் வைத்திருக்கிற ஒரு கம்பெனி. அதில் பணம் கட்டிச் சேர்ந்தால் வருஷா வருஷம் நம் பேரில் இத்தனை பாயின்ட் என்று வரவு வைப்பார்கள். அந்தப் பாயின்ட்டைக் கொடுத்து அறை எடுத்துக்கொள்ளலாம். கூட்டம் அலைமோதுகிற நாளில் அதிகப் பாயின்ட் பிடிப்பார்கள், ஆள் வராத நாளில் குறைவாகப் பிடிப்பார்கள். நாம் போய்த் தங்கினாலும் தங்காவிட்டாலும் பராமரிப்புக்கென்று வருஷப் பணம் கட்டியாக வேண்டும். செலவழிக்காத பாயின்ட் அடுத்த வருஷத்துக்குப் போகும். அங்கேயும் செலவழிக்காவிட்டால் செத்துப்போகும்.

நாங்கள் சேர்ந்தது இப்படி. பாகூர் பக்கத்தில் எங்கள் நிலத்தில் ஒரு துண்டு நாலு வழிச் சாலைக்குப் போய், அதற்குப் பணம் வந்திருந்த சமயம். புதுச்சேரியில் ஒரு பொருட்காட்சிக்குப் போனபோது வீட்டுக்காரர் ஏதோ பரிசுக் கூப்பன் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். நாலு நாள் கழித்து போன் வந்தது. பரிசு விழுந்திருக்கிறது, கணவனும் மனைவியும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஓட்டலுக்கு வரவேண்டும் என்றார்கள்.

போனோம். உள்ளே ஊட்டி மாதிரி குளிர். டை கட்டின ஒரு பையன் எனக்காக நாற்காலியை இழுத்துப் போட்டான். எனக்கு அதில் உட்காரவே கூச்சமாக இருந்தது. சுவரில் படம் காட்டினார்கள். ஒரு கண்ணாடி ஜன்னல், வெளியே மலை, மலைமேல் பனி. என் வீட்டுக்காரர் கண்ணை எடுக்கவில்லை. கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டியபோதுதான் திரும்பினார்.

“தம்பி, இப்ப ராகு காலம். ஆறு மணிக்கு மேல போடறேன்” என்றார்.

அந்தப் பையன் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. எங்களுக்கு ஜூஸ் வாங்கி வந்து வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். ஆறு மணி தாண்டியதும் வீட்டுக்காரர் நாற்காலியைக் கிழக்குப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார். நானும் அவருக்குக் கீழே, ஐந்தாம் வகுப்பில் பழகிய அதே எழுத்தில், என் பேரை எழுதினேன். நீங்களும் மெம்பர்தான் மேடம் என்று அந்தப் பையன் சொன்னான். எனக்குச் சிரிப்பு வந்தது.

பஸ்ஸில் வரும்போது வீட்டுக்காரர் சொன்னார்: “எனக்கு லீவுன்னா இன்னான்னே மறந்து போச்சுமே. பள்ளிக்கூடத்தோட சரி. மாட்டுக்கு ஏது லீவு, கரும்புக்கு ஏது லீவு. இனிமே வருஷத்துக்கு ஒரு வாரம் நானும் லீவு எடுப்பேன்.”

அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? அவர் ஆசைப்பட்டு வாங்கிய முதல் பொருள் அது.

ஆனால் அறை கிடைக்கவில்லை. மூலக்குளத்தில் இருக்கிற எங்கள் மகள்தான் போனில் பார்ப்பாள். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்து லீவு விட்டபிறகு மே மாதத்துக்குப் பார்ப்பாள். “எல்லாம் ஃபுல்லுப்பா. ராஜஸ்தான்ல வேணா இருக்குதாம்” என்பாள். பொங்கலுக்குப் பார்த்தாலும் ஃபுல். சனி ஞாயிறு ஃபுல். முதல் வருஷத்துப் பாயின்ட் அப்படியே செத்தது.

பேரனுக்குக் காது குத்தின அன்றைக்கு என் தம்பி வாயைத் திறந்தான். அவன் வில்லியனூரில் பாத்திரக் கடை வைத்திருக்கிறான். கடையில் பேசிப் பேசியே பழகிய வாய். பந்தியில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது கேட்டான்.

“இன்னா மாமா, பாயின்ட்டு சினையா இருக்குதா? குட்டி போட்டா எங்க வூட்டுக்கும் ஒண்ணு குடு. தவிடு வச்சி வளக்கறோம்.”

பந்தியே சிரித்தது. வீட்டுக்காரரும் சேர்ந்துதான் சிரித்தார். ஆனால் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமலே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அதற்குப்பிறகு என் பக்கத்து விசேஷம் எதற்கும் அவர் வரவில்லை. வயலில் வேலை என்று சொல்லி என்னை மட்டும் அனுப்பினார். வில்லியனூர்க் கடைத்தெருவுக்குப் போகவேண்டியிருந்தால் சுற்றிக்கொண்டு போனார்.

போன மாசியில் யாரோ ஒருவன் போன் பண்ணி, உங்கள் மெம்பர்ஷிப்பை வேறு ஆளுக்கு விற்றுத் தருகிறோம், அதற்கு முதலில் நீங்கள் ஒரு தொகை அனுப்ப வேண்டும் என்றானாம். வீட்டுக்காரர் அனுப்பத் தயாராகிவிட்டார்.

“பீடை ஒழிஞ்சா போதும்” என்றார்.

நான் அவருக்கு எதிரில் நின்று பேசுகிறவள் இல்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பேசுவேன். அன்றைக்கும் அங்கேதான் நின்றேன். ஆனால் சொல்லிவிட்டேன்.

“அவனுக்குக் காசு அனுப்பாதீங்க. விக்கறவன் வித்துட்டுல்ல காசு கேக்கணும். எனக்கு ஆடி வரைக்கும் டைம் குடுங்க. நான் ஒரு ரூம் எடுத்துக் காட்டறேன். முடியலன்னா அப்பறம் உங்க இஷ்டம்.”

“நீயா?” என்றார்.

“நானுந்தான் மெம்பரு.”

சொல்லிவிட்டேனே தவிர, எனக்குத் தெரியாதவர்களோடு போனில் பேசிப் பழக்கம் கிடையாது. மகளிடம் கம்பெனி நம்பரை வாங்கிக்கொண்டு முதல் தடவை பண்ணினேன். தமிழுக்கு ஒரு எண்ணை அழுத்தச் சொன்னது, அழுத்தினேன். ஒரு பெண் எடுத்து, “சொல்லுங்க மேடம்” என்றது. வேறு யாரையோ கூப்பிடுகிறது என்று நினைத்து போனை வைத்துவிட்டேன். அடுத்த நாள் கேட்கவேண்டியதையெல்லாம் மாட்டுக்கொட்டகையில் மாட்டிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டு, பிறகு பண்ணினேன்.

“எங்களுக்கு மூணு வருசமா ரூமே கெடைக்கலம்மா. மத்தவங்களுக்கு மட்டும் எப்படி கெடைக்குது?” என்று கேட்டேன்.

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தது. எப்போது பதிவு பண்ணுகிறீர்கள் என்று கேட்டது. லீவு விட்டபிறகு என்றேன். “அதுக்குள்ள முடிஞ்சிடும்மா. மூணு மாசம் முன்னாடியே பண்ணணும். வாரா வாரம் திங்கட்கிழமை காலைல எட்டு மணிக்குத்தான் புதுசா ரூம் தொறப்பாங்க. யாராவது வேணாம்னு விட்ட ரூமும் அப்பதான் வரும். ஒன்பது மணிக்கு வந்து பாத்தா ஒண்ணும் இருக்காது” என்றது.

நான் போனைக் காதில் வைத்தபடியே சுவரில் தொங்குகிற நாள்காட்டியைப் பார்த்தேன். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது ராகு காலம்.

அப்புறம் மகளைக் கேட்டேன். “ஆமாம்மா, திங்கட்கிழமைன்னு மெயில்ல போட்டிருந்தாங்க. அப்பாதான் ராகு காலம் போவட்டும், ஒன்பதேகாலுக்குப் பண்ணுன்னு சொல்லிக்கினே இருப்பாரு. நான் ஒன்பதேகாலுக்குத்தான் பண்ணுவேன்” என்றாள்.

இதுதான் விஷயம். நல்ல நேரம் பார்த்துப் பார்த்து அறையை விட்டிருக்கிறோம்.

இன்னொன்றும் அந்தப் பெண்ணிடம் கேட்டு வைத்திருந்தேன். எங்கள் பாயின்ட் மே மாதத்தில் ஒரே ஒரு அறைக்கு, அதுவும் இரண்டு ராத்திரிக்குத்தான் வருமாம். அதே பாயின்ட்டுக்கு ஆடி மாதத்தில், வார நடுவில் என்றால், இரண்டு அறை நாலு ராத்திரிக்கு வருமாம். ஏன் என்று கேட்டேன். “ஆடில நம்ம ஆளுங்க யாரும் வரமாட்டாங்கம்மா. மலையில மழையும் இருக்கும்” என்று சிரித்தது.

மழைக்கு நாம் பயப்படுகிற ஆளா? நாற்றங்காலில் நிற்கிறவர்கள்தானே. ஆடி முதல் வாரத்தில் போய்த் திரும்பிவிட்டால் சம்பாவுக்கு விதை விடவும் நாள் இருக்கும்.

சித்திரையில் ஒரு திங்கட்கிழமை மகளை வீட்டுக்கு வரவழைத்தேன். எட்டு மணிக்குத் திறந்தது. கொடைக்கானலில் அறை இருந்தது. மகள் தட்டிக்கொண்டே போனாள். கடைசியில் ஓ.டி.பி. கேட்டது. அது வீட்டுக்காரர் போனுக்குத்தான் வரும். அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போயிருந்தார். மகள் கூப்பிட்டாள். எடுத்தவர், “இப்ப இன்னா நேரம் தெரியுமா? வையி போனை” என்று சொல்லி வைத்துவிட்டார். அன்றைக்கு அறை போயிற்று.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. அன்று மத்தியானம் அவருக்குச் சோறு போட்டுவிட்டு, கதவுக்குப் பின்னால் போகாமல் எதிரிலேயே நின்றேன்.

“வர்ற திங்கக்கெழமை போனை வூட்ல வச்சிட்டுப் போங்க.”

“ராகு காலத்துல ஒரு காரியம் ஆரம்பிக்கச் சொல்றியாமே? அதுவும் ஆடி மாசத்துக்கு?”

“இது ஆரம்பம் இல்ல. மூணு வருசமா நிக்கிற காரியம். ஏரித் தண்ணி நம்ம முறைக்கு வந்தப்ப எமகண்டத்துல ஓடிப்போயி மடை தொறந்தீங்களே, அப்ப நேரம் பாத்தீங்களா? பாத்திருந்தா தண்ணி பக்கத்து நெலத்துக்குப் போயிருக்கும்.”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“அந்த ஓட்டல்ல நல்ல நேரத்துல போட்டீங்களே கையெழுத்து, அது இன்னா குடுத்துச்சு?”

இதைச் சொன்னதும் சாப்பாட்டில் எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். எழவில்லை. மோர் ஊற்றச் சொன்னார்.

எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. ராகு காலத்தில் நான் ஒரு புதுப் புடவை கட்டினதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை ராகு காலத்தில்தானே துர்க்கைக்கு எலுமிச்சம்பழ விளக்குப் போடுகிறோம்? அந்த நேரத்தில் அவள் விழித்திருக்கிறாள் என்றுதானே போடுகிறோம்? வெள்ளிக்கிழமை விழித்திருக்கிறவள் திங்கட்கிழமை மட்டும் தூங்கவா போகிறாள்? இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் மாட்டைக் கறந்து பாலை வைத்துவிட்டு உள்ளே போனபோது, டீவி மேல் அவர் போன் இருந்தது. அவர் இல்லை. போனைக் கொடுத்தேன் என்றும் ஆகாமல், கொடுக்கவில்லை என்றும் ஆகாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சட்டையைக்கூட மாட்டாமல் துண்டோடு போயிருந்தார்.

எட்டு மணிக்கு மகள் மூலக்குளத்திலிருந்து தட்டினாள். அவர் போனுக்கு வந்த எண்ணை நான் இங்கே என் போனில் படித்துச் சொன்னேன். முதல் தடவை ஒரு எண்ணைத் தப்பாகச் சொல்லிவிட்டேன். “நிதானமா படிம்மா” என்றாள். இரண்டாவது தடவை ஒவ்வொன்றாகப் படித்தேன்.

“வந்துடுச்சும்மா” என்றாள். “ரெண்டு ரூம். நாலு நைட்டு.”

இரண்டாவது அறை யாருக்கு என்று மகள் கேட்டாள். அவள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கும், வரமுடியாது. உன் மாமாவுக்கு என்றேன்.

தம்பி கடைக்கு நானே போய்ச் சொன்னேன். ஆடியில் கல்யாணம் கிடையாது, சீர்ப் பாத்திரம் வாங்க ஆள் வராது, கடையில் ஈ ஓட்டிக்கொண்டுதான் இருப்பான்.

“அக்கா, ஆடி மாசத்துல எவனாச்சும் ஊருக்குக் கெளம்புவானா?” என்றான்.

“கெளம்பாததாலதான் உனக்கு ரூம் கெடைச்சிருக்குது. உன் பொண்டாட்டி கிட்ட ஸ்வெட்டர் இருக்குதான்னு கேளு.”

“மாமா இன்னா சொன்னாரு?”

“உன் மாமா பாயின்ட்டுதான். அவரு சொல்லாம நான் வருவேனா?”

அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பது எனக்கும் மாட்டுக்கும்தான் தெரியும். போவதற்கு முந்தின நாள்வரை அவர் வருகிறாரா இல்லையா என்றே எனக்குத் தெரியாது. அன்றைக்குப் பார்த்தால் பக்கத்து நிலத்துக்காரரிடம் மாட்டைக் கறந்துவிடச் சொல்லிக்கொண்டிருந்தார். அது காதில் விழுந்ததும் நான் பெட்டியில் அவர் வேட்டிகளை எடுத்து வைத்தேன்.

கொடைக்கானலில் மழை தூறிக்கொண்டிருந்தது. தங்கும் இடத்து வாசலில் ஒரு நீள மேஜை. அதற்குப் பின்னால் கோட்டுப் போட்ட ஒரு பிள்ளை. வழியெல்லாம் நான்தான் முன்னால் நடந்தேன், காகிதம் என் கையில் இருந்ததால். வீட்டுக்காரர் என் பின்னால், தம்பியும் அவன் மனைவியும் அவருக்குப் பின்னால். அறை இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று அவர் பயந்தார் என்று நினைக்கிறேன். எனக்கும் அதே பயம்தான்.

அந்தப் பிள்ளை கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தது.

“ரெண்டு ரூம் இருக்கும்மா. மெம்பர் யாரு?”

எனக்கு வாய்வரை வந்துவிட்டது. நானுந்தான் மெம்பர், கையெழுத்துப் போட்டவள். ஆனால் நான் பக்கத்தில் நகர்ந்து நின்றேன்.

வீட்டுக்காரர் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மேஜைக்கு முன்னால் வந்தார்.

“நான்தான்” என்றார்.

கையெழுத்துப் போடப் பேனாவைக் கொடுத்தார்கள். அவர் மணியும் பார்க்கவில்லை, கிழக்கும் பார்க்கவில்லை. போட்டுவிட்டு, இரண்டு சாவியில் ஒன்றைத் தம்பியிடம் நீட்டினார்.

“இந்தாப்பா. குட்டி கேட்டியே” என்றார்.