பதினோராவது பெயர்

எங்கள் ஊர்ப் பெண் தொழில்முனைவோர் சங்கத்தின் வரலாறு போன வாரம் மலராக அச்சாகி வந்தது. தொடங்கியவர்கள் என்று பத்துப் பெயர் போட்டிருக்கிறார்கள். பதினோராவதாக ஒருத்தி இருந்தாள், அவள்தான் என் அம்மா என்று செயலாளருக்கு நான்கு தடவை போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

"முதல் கண்காட்சி அழைப்பிதழ்ல உள்ளபடிதானக்கா போட்டிருக்கோம்," என்கிறாள் அந்தப் பெண்.

அதை எழுதியதே நான்தான் என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, போனை வைத்தேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அது எவ்வளவு பெரிய குற்றம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மசாலாப் பொடி அரைத்து விற்ற அம்மா, காரைக்குடிக்கும் கோட்டையூருக்கும் டவுன் பஸ்ஸில் அலைந்து, வீடு வீடாக ஏறி இறங்கிப் பத்துப் பெண்களைச் சேர்த்திருந்தாள். முதல் கண்காட்சிக்கு மண்டபமும் பேசியாகிவிட்டது. சாயங்காலத்துக்குள் அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்காவிட்டால் கண்காட்சியே கிடையாது. எல்லாரும் எங்கள் வீட்டில் கூடி, பெயர்களை எழுத என்னை உட்கார வைத்தார்கள். ஆனால் யார் பெயர் முதலில் வருவது?

வயதுப்படி போடலாம் என்றார்கள், எழுதினேன். ஒருத்தரும் மூத்தவராக இருக்கச் சம்மதிக்கவில்லை, கிழித்தார்கள். அகர வரிசை என்றார்கள். பலகாரம் போட்டு விற்ற ஆச்சி, வீட்டு இனிஷியலை முன்னால் சேர்த்து முதலிடத்துக்கு வந்துவிட்டார், அதையும் கிழித்தார்கள். சரி, தொழில் தொடங்கிய வரிசையில் போடுவோம் என்றதும் தொலைந்தது.

"மகளைக் கட்டிக்குடுத்த வருசமே சம்பந்தி வீட்டுக்குப் பலகாரம் போட்டு அனுப்புனவ நான்," என்றார் ஆச்சி.

"வீட்டு விசேசத்துக்குச் செஞ்சதெல்லாம் தொழில்ல சேருமா ஆச்சி? என்ன பேசுறீக?" என்றார் தையல்கடை அத்தை.

மறுநாள் எனக்குக் கணக்குப் பரீட்சை. அதைப் பற்றி யாருக்கு என்ன கவலை? அம்மாவோ ஆச்சி சொன்னதற்கும் தலையாட்டினாள், அத்தை சொன்னதற்கும் தலையாட்டினாள். எனக்கு அவள்மேல்தான் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் இரண்டு வரிசையாகப் போட ஒப்புக்கொண்டார்கள். ஒன்றின் தலையில் ஆச்சி, மற்றதன் தலையில் அத்தை. அப்பாடா என்று எழுதி முடித்தால், அடியில் ஒரு பெயர் மட்டும் தனியாகத் தொங்கியது. பதினொரு பேர் ஆயிற்றே! அந்த இடத்தில் தொங்க எவருக்கும் மனசில்லை. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அம்மா அடுப்படியில் மூன்றாவது சுற்றுக் காபி போட்டுக்கொண்டிருந்தாள்.

நான் யாரையும் கேட்கவில்லை. புதுத் தாள் எடுத்து, இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து என்று எழுதி நீட்டினேன். விட்டது அம்மாவின் பெயரை. சண்டைக்கு வராதவள் அவள் ஒருத்திதான்.

ஆளாளுக்கு வாங்கித் தன் பெயரைப் பார்த்துக்கொண்டார்கள். யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. கடைசியாக அம்மா வாங்கினாள். விரலை வைத்து ஒவ்வொரு பெயராகக் கீழே வந்தாள். அடியில் விரல் கொஞ்ச நேரம் நின்றது.

"எழுத்து அழகா இருக்குடி," என்று சொல்லிவிட்டு அச்சகத்துக்குக் கிளம்பினாள். விட்டது தொல்லை என்று நான் கணக்குப் புத்தகத்தைத் திறந்தேன்.

இப்போது மலர் அம்மாவின் மடியில் இருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதே மாதிரி விரலை வைத்துக் கீழே வருகிறாள். அடியில் நிற்கிறது.

அன்றைக்கு அவள் எழுத்துப்பிழை பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன்.