சைக்கிள் இருக்கும் படங்களைத் தொடவும்

பறவைகளின் குரலைக் கேட்டு அடையாளம் சொல்லும் அந்த வாட்ஸ்அப் குழுவை ஆரம்பித்ததே நான்தான். எனக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. மற்றவர்கள் தோட்டத்திலும் குளக்கரையிலும் பதிவு செய்து அனுப்புவார்கள், நான் பெயர் சொல்வேன். ஆபீசில் நாள் முழுக்க அடுத்தவர்களுக்கு வரும் போனை எடுத்துக் கொடுக்கிறவள் நான். என்னைத் தேடி நாலு பேர் பேசிய இடம் அது ஒன்றுதான்.

ஆள் சேரச் சேர அது சந்தைக்கடை ஆகிவிட்டது. காலை வணக்கமும் கல்யாணப் பத்திரிகையுமாகக் கொட்டின. வேறு செயலிக்கு மாறலாம் என்றார் சோமனூரில் தறிக்கூடம் வைத்திருக்கும் ஒரு அண்ணன். என்னோடு சேர்ந்து குழுவைக் கவனித்துக்கொண்டவர். நானும் சரி என்றேன். மூன்று செயலிகளின் விவரத்தை அழகாகப் படம் செய்து போட்டு, ஒன்றா, இரண்டா, மூன்றா, ஓட்டுப் போடுங்கள் என்றார். திரையில் இருப்பதை என் போன் எனக்குப் படித்துச் சொல்லும். அது 'படம்' என்றது. அதோடு சரி.

"படத்துல என்ன இருக்குதுங்கண்ணா?" என்று கேட்டேன். இரண்டு, இரண்டு, இரண்டு என்று வந்து விழுந்ததில் என் கேள்வி எங்கேயோ மேலே போய்விட்டது. மறுபடி கேட்டிருக்க வேண்டும். தொந்தரவு கொடுப்பானேன் என்று சும்மா இருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

புதுச் செயலியில் சேரப் போனால், நான் மனிதப் பிறவிதான் என்று நிரூபிக்க வேண்டுமாம். சைக்கிள் இருக்கும் படங்களைத் தொடு என்றது. சைக்கிளுக்கு நான் எங்கே போவேன்? தங்கை தொட்டு உள்ளே அனுப்பினாள். உள்ளே போனால் 'பொத்தான், பொத்தான், பொத்தான்'. எது எதற்கென்று ஒன்றுக்கும் பெயர் கிடையாது. ஒன்றை அழுத்தினேன், வெளியே வந்து விழுந்தேன். மறுபடியும் சைக்கிள்.

பத்து நாளில் பழைய குழுவை மூடிவிட்டார்கள். 'ஆர்வமுள்ள எல்லோரும் வந்துவிட்டார்கள், நன்றி' என்பதுதான் கடைசிச் செய்தி. ஆர்வமாம் ஆர்வம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த வாரம் அந்தத் தறிக்கூட அண்ணனே கூப்பிட்டார். "ஏனுங்க அம்மணி, ஆளையே காணோமுங்க? வேல ஜாஸ்தியாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டமுங்க."

படத்தையும் சைக்கிளையும் பொத்தானையும் சொன்னேன்.

"அத யோசிக்கவே இல்லீங்களே. என்ன பண்றது, எல்லாரும் ஓட்டுப் போட்டாச்சுங்க" என்றவர், அதே மூச்சில், "காரமடைல ஒரு தோட்டத்துல பதிவு பண்ணுனனுங்க. குழுவுல ஆளாளுக்கு ஒரு பேரு சொல்றாங்க. நீங்க கேட்டுச் சொல்லிப்போடுங்க" என்று பதிவை ஓடவிட்டார்.

மாம்பழச்சிட்டு. முதல் விசிலிலேயே தெரிந்துவிட்டது. பெயர் வாய் வரைக்கும் வந்தது. இதை இவர் கொண்டுபோய் அங்கே எழுதுவார், எல்லோரும் இவருக்கு நன்றி சொல்வார்கள்.

"என்னைய உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு வழி பண்ணுங்கண்ணா. அங்க வந்து சொல்றனுங்க."

"அது மெதுவாப் பாத்துக்கலாமுங்க. இப்ப இத மட்டும் சொல்லிப்போடுங்க அம்மணி."

"முடியாதுங்க" என்று போனை வைத்தேன். கேட்டவருக்குப் பறவையின் பெயரை நான் சொல்லாமல் விட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.