சரோஜாவின் சகானா

பீங்கான் தொழிற்சாலை வாசலில் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தேன். சரோஜாவின் கணவர் நடராஜனின் தம்பி எதிரே வந்து நின்றார். "அண்ணி போயிட்டாங்க" என்றார்.

வீணைக் கலைஞர் சரோஜாவின் பக்கத்தில் அமர்ந்து பல ஆண்டுகள் மிருதங்கம் வாசித்தவன் நான். அவரைக் கேட்டவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள்.

கருவேப்பிலங்குறிச்சியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். எங்கள் தொழிற்சாலையில் சூளைப் பிரிவில் இருந்த நடராஜனை மணந்து, அறுபதுகளின் தொடக்கத்தில் விருத்தாசலம் வந்தார். கல்யாண வரவேற்புகளில் தொடங்கிய வாசிப்பு வானொலி, கும்பகோணம், சென்னை, டெல்லி என்று அவரை அழைத்துச் சென்றது.

தொடக்கத்தில் எல்லாம் பஸ் பயணம்தான். ஒருமுறை திட்டக்குடி பஸ்ஸில் பின்சீட்டுக்காரர்கள் மடியில், போர்வை சுற்றிய வீணையைக் கிடத்தியிருந்தோம். கண்டக்டர் போர்வையைப் பார்த்து, "இன்னாம்மா இது, பொணம் மாதிரி?" என்றார். "உசுரு உள்ள இருக்குதுங்க, பாத்துப் போங்க" என்று சிரித்தார் சரோஜா. இறங்கும்வரை யாரும் மடியை அசைக்கவில்லை.

அந்நாளில் அவருடைய வேகத்துக்காகவே கூட்டம் வரும். எழுபதுகளின் தொடக்கத்தில், சென்னைக் கச்சேரி முடிந்து திரும்பும்போது ரயில் பெட்டியின் கதவு இடது கையில் அடித்துச் சாத்தியது. நடுவிரல் நசுங்கிவிட்டது. எலும்பு கூடிய பிறகும் விரல் மடங்கவில்லை. கண்ணில் படக்கூடாது என்று வீணையைக் கொழுந்தனார் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டார். நான் பார்க்கப் போனால் சமையல், மழை என்று பேசுவார். இசையைப் பற்றிப் பேசமாட்டார்.

மாதங்கள் கழித்து ஒரு மதியம் நடராஜன் மூச்சுவாங்க வந்தார். "அவளே போயி வீணையத் தூக்கியாந்துட்டா. ஒத்த வெரல வச்சிக்கிட்டு வாசிச்சிக்கிட்டு இருக்கா!"

அடுத்த மாசி உற்சவத்தில் எங்கள் ஊர்க் கோயிலிலேயே மேடையேறினார். ஏறுமுன் என்னிடம், "அண்ணே, இன்னிக்கி நான் ஓடமாட்டேன், நடந்துதான் வருவேன். நீங்க முன்னாடி போயிடாதீங்க" என்றார்.

சகானா ராகக் கீர்த்தனை ஒன்றை எடுத்தார். ஆள்காட்டி விரலால் மட்டுமே தந்தியை இழுத்து, ஒவ்வொரு சுரத்திலும் தங்கித் தங்கிப் போனார். நடுவில் விரல் வழுக்கி நாதம் அறுந்தது. அவர் சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்தார். முன்வரிசையிலிருந்து ஒருவர், "மெதுவா வாங்கம்மா, நாங்க இருக்கோம்" என்றார். அதே இடத்தை முதலிலிருந்து வாசித்தார் சரோஜா. கண்ணைத் துடைக்க எனக்குக் கை ஒழியவில்லை.

அவருடைய பெரிய புகழ் அதற்குப் பிறகு வந்ததுதான். இப்போது அந்த நிதானத்துக்காகவே கூட்டம் வந்தது. சென்னையில் மூத்த வித்வான் ஒருவர், "இந்தப் பாணி யார்கிட்டம்மா கத்துக்கிட்டது?" என்று கேட்டார். "ரயில் கதவுகிட்டங்க" என்றார்.

கடைசியாக நான் பார்த்தபோது நோயில் இளைத்துப் படுத்திருந்தார். வானொலியில் அவர் வாசித்த கல்யாணி ராகம் வந்தது. நடராஜன் ஆசையாகச் சத்தத்தைக் கூட்டினார். "கொறைங்க. பக்கத்து வூட்ல நைட்டு ஷிப்டு பாத்துட்டு வந்து தூங்குறாங்க" என்றார் சரோஜா. வானொலிப் பெட்டியை அவர் தலைமாட்டில் வைத்து, நாங்கள் மூவரும் காதை நெருக்கிக் கேட்டோம். மேடைகளில் கேட்டதை எல்லாம்விட, பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கம் கலையாமல் ஒலித்த அந்தக் கல்யாணியைத்தான் நான் என்னோடு வைத்திருக்கிறேன்.