கூரை போட்ட போட்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று என் மனைவி சொல்வாள். அது பொய்யில்லை. ஆனால் அந்தப் பெரிய போட்டை வாங்கிய விசயத்தில் நான் கோபப்பட வேண்டிய ஒரே ஆள் நான்தான்.

நாட்டில் சண்டை முடிந்து இரண்டு மூன்று வருசத்தில் ஆலங்குடாக் கரைக்கு வெள்ளைக்காரர்கள் நிறைய வரத் தொடங்கினார்கள். டொல்பின் பார்க்க அவர்களைக் காலையில் கடலுக்குக் கூட்டிப்போவது என் தொழிலாயிற்று. என்னிடம் இருந்தது ஒரு பைபர் வள்ளம், பின்னால் ஒற்றை இஞ்சின், வெயிலை மறைக்க ஒரு துணிகூட இல்லை. குழந்தை குட்டியோடு வருகிறவர்கள் நிழல் கேட்டார்கள், கழிவறை கேட்டார்கள். ஆகவே அறையும் கூரையும் இரட்டை இஞ்சினும் உள்ள போட் ஒன்று, பழையதானாலும் பரவாயில்லை, வாங்கப்போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். சொன்னது பாதிதான்.

மீதிப் பாதி என் மனைவி. தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களையெல்லாம் இயக்கக்காரர் ஊரை விட்டுப் போகச் சொன்னபோது, மன்னார்ப் பக்கத்திலிருந்து கற்பிட்டிக்கு வள்ளத்தில்தான் வந்தோம். திறந்த வள்ளம், கொட்டுகிற மழை. கற்பிட்டியில் இறங்கியவள் பிறகு வள்ளத்தில் கால் வைக்கவே இல்லை. நாங்கள் குடியேறிய எத்தாளையில் வீட்டோடு இருந்து மீன் வெட்டுவாள், கருவாடு போடுவாள். கடலுக்கு வா என்றால் மட்டும் தனக்கு ஏலாது என்று ஒரே சொல்லில் கதையை முடித்துவிடுவாள்.

பாதை திறந்த பிறகு பஸ்ஸில் இரண்டு முறை போய் எங்கள் வீட்டு வளவைப் பார்த்தோம். காடு ஏறிக் கிடந்தது. நான் தேம்பித் தேம்பி அழுதேன். அவளோ யாருடைய காணியையோ விலை பேச வந்தவள் மாதிரி நின்றாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. எனக்கு அது தாங்கவில்லை. வந்த வழியே, கடலால், ஒருமுறை கூட்டிப்போனால் அவள் நெஞ்சுக்குள் கட்டிக்கிடப்பது அவிழும் என்று தோன்றியது. நனையாமல், கதவைச் சாத்திக்கொண்டு இருக்க ஓர் அறை இருந்தால் வருவாள் என்றும் நானே முடிவு கட்டினேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நீர்கொழும்பில் அப்படி ஒரு போட் இருப்பதாகக் கேள்விப்பட்டு, புத்தளத்தில் இஞ்சின் திருத்துகிற என் மச்சானைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் என் மனைவியின் தம்பி. உரிமையாளர் வயதான சிங்களவர், மாத்தயா என்று மரியாதையாகக் கூப்பிட்டோம். மச்சான் சலாம் கிலாம் எதுவும் இல்லாமல் நேரே போய் இஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தான். சூடாக இருந்தது. நாங்கள் வரும் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்துவிட்டீர்களே என்று சிங்களத்தில் கேட்டான். மாத்தயா சிரித்துக்கொண்டு ஒத்துக்கொண்டார். குளிர்ந்த இஞ்சினைக் கிளப்பினால்தான் அதன் வருத்தம் தெரியும். ஆகவே அது ஆறும்வரை தேத்தண்ணி குடித்தோம்.

பிறகு கிளப்பியபோது இடது இஞ்சின் உடனே பிடித்தது. வலது இரண்டு தரம் இருமிவிட்டுப் பிடித்தது. மச்சான் திருப்புளியின் நுனியை இஞ்சினிலும் பிடியைக் காதிலும் வைத்துக் கேட்டான். தட்டுப் பலகையைத் தூக்கி, அடியில் நின்ற தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பாக இருந்தால் எங்கோ ஒழுக்கு. உப்பில்லை, மழைத் தண்ணீர்தான் என்றான். நான் என்ன செய்தேன்? அறைக்குள் போய் மெத்தையில் இருந்து பார்த்தேன். கதவை நாலு தரம் சாத்தித் திறந்தேன். சாத்தினால் கடல் சத்தமே கேட்கவில்லை. இதுதான் வேண்டும் என்றேன்.

போட்டை வெளிக்கடலால் ஆலங்குடாவுக்குக் கொண்டுவந்த அன்று கரையில் முப்பது பேர் காத்து நின்றார்கள். கயிறு, உருட்டுக்கட்டை எல்லாம் தயார். எங்கள் கரையில் வள்ளம் வந்தால் அதுதான் வழக்கம்: இஞ்சினைக் கையால் தூக்கிவிட்டு, அலையோடு மணலில் ஏற்றி, எல்லோருமாக இழுப்போம். கரைக்கு இருநூறு யார் தூரம் இருக்கும்போது மச்சான் திடீரென்று வேகத்தைக் குறைத்தான். இந்தப் போட்டின் இஞ்சின்கள் உள்ளே, இரண்டு புரொப்பெல்லரும் அடிக்குக் கீழே. தூக்க ஏலாது. மணலில் முட்டினால் முறிந்துபோகும்.

பிறந்ததிலிருந்து கடலில் கிடந்த நாங்கள் இரண்டு பேரும், இது மிதக்க எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கேட்கவே இல்லை. முழங்கால் தண்ணீரில் ஓடுகிற வள்ளத்தோடு வாழ்ந்தவனுக்கு அந்தக் கேள்வி எப்படி வாயில் வரும்? ஆனைக்கும் அடி சறுக்கும்தான், ஆனால் ஆனை சறுக்கும்போது முப்பது பேர் கயிற்றோடு நின்று பார்ப்பதில்லை. கரையிலிருந்து வந்த சிரிப்பு இஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. மச்சானைக் கண்டபடி ஏசினேன், பாவம்.

கடைசியில், கடல் உள்ளே புகுந்து கிடக்கும் கற்பிட்டிக் களப்பில், ஆழம் பார்த்து நங்கூரம் போட்டு நிறுத்தினோம். அங்கேயும் அதில் ஏற வேண்டுமென்றால் சின்ன வள்ளத்தில்தான் போக வேண்டும். எந்தத் திறந்த வள்ளத்துக்குப் பயந்து இதை வாங்கினேனோ, அதிலேயே அவளை முதலில் ஏற்ற வேண்டியதாயிற்று.

மகளும் மச்சானும் ஒரு கிழமை கெஞ்சி அவளைச் சம்மதிக்க வைத்தார்கள். கடற்படையிடம் அனுமதி எடுத்து, ஒரு நாள் விடியற்காலை சுபஹுத் தொழுதுவிட்டு ஊர்ப்பக்கம் வெளிக்கிட்டோம். சின்ன வள்ளத்தைக் கண்டதும் திரும்பி நடப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் பிஸ்மி சொல்லி, என் கையைக்கூடப் பிடிக்காமல் ஏறி இருந்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பெரிய போட்டில் ஏறியதும் அறைக் கதவைப் பெருமையோடு திறந்தேன்.

"உள்ளுக்குப் போய் இரு புள்ள. ஒரு சொட்டுத் தண்ணி படாது."

அவள் வாசலிலேயே நின்றாள்.

"அண்டைக்கும் இதைத்தான் சொன்னீங்க. படங்கால மூடி நாலு பக்கமும் கட்டினீங்க. நான் ஊரைப் பாக்கவே இல்ல."

வள்ளத்துக்கு மேலே அந்தப் படங்குத் துணியைக் கட்டியது நான்தான். மழை, மடியில் இரண்டு வயது மகள், வேறென்ன செய்வது? ஒருக்காத் திறங்க என்று உள்ளேயிருந்து மூன்று தரம் கூப்பிட்டாள். கடல் ஒத்துக்கொள்ளாமல் சத்தி வருகிறதாக்கும் என்று நினைத்து, பேசாமல் படு என்று கத்தினேன். சுக்கானைப் பிடித்திருந்த நான் கரை மறையும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன். இத்தனை வருசமும் அவளுக்குக் கடல்தான் பயம் என்று எல்லோருக்கும் சொல்லித் திரிந்தவனும் நான்தான். அவள் அதைச் சொன்னபோது எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அவள் முன்தட்டில், வெயிலில், போகும் வழி முழுக்க இருந்தாள். எங்கள் ஊருக்கு நேரே வந்ததும் தண்ணீர் குறைந்துவிட்டது, கரைக்குப் போக ஏலவில்லை. தூரத்தில் நின்றே பார்த்தோம். பனைகள், புதுப் பள்ளியின் மினாரா, அதற்குப் பக்கத்தில் எங்கள் வளவாக இருக்க வேண்டிய இடம். எது எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள், சொன்னேன்.

திரும்பும்போது எழுந்து பின்தட்டுக்குப் போனாள். கரையைப் பார்த்தபடி இருந்தாள். பனை மறைந்தது. மினாரா மட்டும் தெரிந்தது. அப்போதுதான் அவள் தோள் குலுங்குவதைக் கண்டேன்.

"இப்பதான் நான் ஊரை விட்டு வெளிக்கிடுறன்" என்றாள்.

நான் இரண்டு இஞ்சினையும் குறைத்தேன்.