பொந்து நில்லும்

சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து, பவானிபூரில் நம்மூர்க்காரர் ஒருவர் நடத்தும் டிபன் கடையில் உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்குப் பதிலாகக் கல்லாவில் நின்ற அவருடைய மகள், கல்லூரியில் படிப்பவள், என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அங்கிள், பொடை சூடா இருக்கு, தரட்டுமா?"

பொடை என்றால் வடைதான். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த நாக்கு அப்படித்தான் சொல்லும். வங்காளத்தில் வகரம் கிடையாது; அந்த இடத்தில் 'பஸ்' என்பதில் வருகிற பகரம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அகரமும் வாயைக் குவித்துக்கொண்டு ஒகரமாகிவிடும்.

வடை வந்தது. பெருங்காயம் மணத்திருக்க வேண்டும். எனக்கோ பாச்சா உருண்டை வாசனை அடித்தது. செல்வம் பெரியம்மாவின் ஹார்மோனியப் பெட்டியைத் திறந்தால் வருகிற வாசனை.

செல்வம் பெரியம்மா என் அம்மாவின் அக்காள். துறைமுகத்தில் வேலை பார்த்த பெரியப்பாவைக் கட்டிக்கொண்டு பாளையங்கோட்டையிலிருந்து இங்கே வந்தவள். வந்த இடத்தில் வங்காளம் படித்து, ஒரு பெண்கள் பள்ளியில் வங்காளத்திலேயே கணக்குச் சொல்லிக்கொடுத்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தாள். பள்ளி ஆசிரியையை இங்கே 'திதிமணி' என்பார்கள். மீன்காரர்கூட "திதிமணி" என்று மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டுத்தான் விலையை ஏற்றுவார்.

அலிப்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக வந்து சேர்ந்தபோது நான் அவள் வீட்டில்தான் தங்கினேன். நாளும் கிழமையும் குறித்து வைக்கிற வியாதி எனக்கு அப்போதே உண்டு. யார் எதைச் சொன்னாலும் நடுவில் புகுந்து "அது செவ்வாய்க்கிழமை" என்று திருத்துவேன். பெரியம்மா எனக்குக் காலண்டர் என்று பெயர் வைத்தாள். "ஏ காலண்டரு, கிழமைய நீ வச்சுக்கோ. கதைய எனக்குச் சொல்ல விடு" என்பாள்.

இந்தக் கதையையும் கிழமையோடுதான் சொல்ல வருகிறது. பூஜை விடுமுறை முடிந்த முதல் ஞாயிறு. சபைக் கமிட்டிச் செயலாளர் இஸ்ரவேல் அண்ணாச்சி ஆராதனை முடிவில் எழுந்து ஓர் அறிவிப்புச் செய்தார். தமிழ் ஆராதனையில் பாடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக மாற்றலாகிப் போய்விட்டார்கள். பிள்ளைகளுக்கோ தமிழ் வாசிக்கத் தெரியாது. கிறிஸ்மஸுக்குள் ஒரு பாடகர் குழு அமையாவிட்டால் புத்தாண்டு முதல் ஆங்கில ஆராதனையோடு சேர்ந்துவிட வேண்டியதுதான்.

வீடு வரும்வரை பெரியம்மா எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். படியேறும்போதுதான் அவள் மகள் சுனிதா மெல்லக் கேட்டாள். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயது அவளுக்கு.

"மா, ஆண்டவருக்கு இங்கிலீஷ் தெரியாதா?"

"அவருக்குத் தெரியும்ட்டி. எனக்குத்தான் இங்கிலீஷ்ல அழ வராது."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நாளெல்லாம் வங்காளத்துல கணக்குப் போடுதேன். பெத்த பிள்ளையும் வங்காளத்துலதான் சண்டை போடுதா. ஜெபத்துக்கு மட்டும் எனக்கு வேற பாஷை இல்ல, காலண்டரு. அதையும் எடுத்துட்டா நான் எங்க போவேன்?"

அடுத்த சனிக்கிழமை முன்னறையில் கரும்பலகை வந்தது. பெரியப்பா முணுமுணுத்துக்கொண்டே பரணிலிருந்து ஹார்மோனியத்தை இறக்கினார். சபைப் பிள்ளைகளை எல்லாம் பாயில் உட்காரவைத்து, தமிழ்ப் பாட்டை வங்காள எழுத்தில் எழுதிப்போட்டாள் பெரியம்மா. எனக்குத் தமிழ் தெரியும், ராகம் தெரியாது. அவர்களுக்கு ராகம் உடனே பிடிபட்டது, தமிழ் பிடிபடவில்லை. நான் இரண்டு வரி பாடியதுமே ஹார்மோனியம் நின்றது.

"நீ அர்த்தம் மட்டும் சொல்லு ராசா. பாடாத."

கிறிஸ்மஸுக்கென்று அவளே ஒரு பாட்டுக் கட்டியிருந்தாள். 'எங்கள் வாசலில் வந்து நில்லும்' என்று தொடங்கும். பிள்ளைகளின் வாயில் அது 'எங்கள் பாசலில் பொந்து நில்லும்' ஆயிற்று. கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு சொல்லச் சொன்னாள். கடித்தார்கள். பொந்துதான் வந்தது.

ஒத்திகை பார்க்க வந்த அண்ணாச்சி காதைப் பொத்தாத குறை.

"என்ன டீச்சர் இது? ஆண்டவரைப் பொந்துக்குள்ள நிக்கச் சொல்லுதுவளே! அவரு என்ன ஆந்தையா? இதுக்கு இங்கிலீஷே தேவல."

பெரியம்மாவின் முகம் சுண்டிவிட்டது. அப்போது சுனிதா எழுந்து பலகையருகே போனாள். 'வந்து' என்ற சொல்லில் ஓர் எழுத்தைத் துடைத்துவிட்டு வேறொன்று போட்டாள்.

"மா, ஸ்பெல்லிங் தப்பு. பொந்துன்னா இந்த எழுத்துதான் வரும்."

வங்காளத்தில் பொந்து என்றால் நண்பன். நண்பனே, எங்கள் வாசலில் நில்லும். பிள்ளைகள் இத்தனை வாரமும் அப்படி நினைத்துத்தான் பாடியிருக்கிறார்கள். நான் சொன்ன அர்த்தத்தை ஒருவரும் கேட்கவில்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது.

பெரியம்மா பலகையில் இருந்த அந்தச் சொல்லை வாய்விட்டு வாசித்தாள். பிறகு சொன்னாள்: "அண்ணாச்சி, பிள்ளைக அவரைச் சிநேகிதன்னு கூப்பிடுதுவ. 'அது தப்பான வார்த்தை, திரும்பிப் பாக்காதேயும்'னு நீங்க போய் அவர்கிட்ட சொல்லிருவியளா?"

"பாட்டுல அப்படி இல்லையே டீச்சர்?"

"பாட்டு நான் கட்டினது. இப்ப இருக்கு."

அண்ணாச்சி ஒரு டீ கேட்டு வாங்கிக் குடித்தார். பெரியப்பா உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

கிறிஸ்மஸுக்கு முந்திய வெள்ளிக்கிழமை வீடு வீடாகப் பாடிக்கொண்டு போனோம். ஹார்மோனியத்தின் ஒரு பக்கம் பெரியப்பா, மறுபக்கம் நான். எனக்குக் கிடைத்த பங்கு அதுதான். சபை வீடுகள் மட்டும்தான் திட்டம். ஆனால் 'பொந்து' என்ற அந்த ஒற்றைச் சொல் புரிந்து, பக்கத்து வீட்டுக் கதவுகளும் திறந்தன. திதிமணியிடம் கணக்குப் படித்த பெண்கள் ஓடிவந்தார்கள். யாரோ புது ஈச்சவெல்லத்தில் செய்த சந்தேஷ் இனிப்பைத் தட்டோடு கொண்டுவந்து ஹார்மோனியத்தின் மேலேயே வைத்துவிட்டார்கள். கிறிஸ்மஸ் ஆராதனையிலும் பிள்ளைகள் அதையே பாடினார்கள். புத்தாண்டின் முதல் ஞாயிறு தமிழ் ஆராதனை வழக்கம்போல் நடந்தது. அண்ணாச்சி எந்த அறிவிப்பும் செய்யவில்லை.

அதற்குப் பிறகும் பெரியம்மா நெடுங்காலம் வாழ்ந்தாள். பெரியப்பா பேச்சிழந்து படுத்த வருடங்களில் மாலைதோறும் கட்டிலருகே ஹார்மோனியத்தை இழுத்துப்போட்டு வாசிப்பாள். அவர் கட்டில் சட்டத்தில் விரலால் தாளம் போடுவார். தாளம் பிசகினால், "பேச்சுதான் போச்சு, காதுமா போச்சு?" என்று அதட்டுவாள். அவர் சிரிப்பார். சுனிதா திருமணமாகி டொராண்டோ போனாள். பெரியம்மா போகவில்லை. "அங்க எந்த வாசல்ல நின்னு பாட?" என்றாள்.

போன வருடம் தவக்காலத்தில், ஒரு புதன்கிழமை, பெரியம்மா போய்விட்டாள். அடக்க ஆராதனையில் அவளுடைய பாட்டையே பாடினார்கள். பாடகர் குழுவில் இப்போது புதிதாக மாற்றலாகி வந்த குடும்பங்கள். போனில் தமிழ் எழுத்தைப் பார்த்தே பாடுகிறார்கள். நல்ல குரல்கள். 'எங்கள் வாசலில் வந்து நில்லும்'. வகரம் வகரமாகவே இருந்தது.

முன்வரிசையில் தலை நரைத்த சுனிதா, சவப்பெட்டியைப் பார்த்தபடி, "பொந்து" என்றாள். பின்வரிசைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இன்னும் சில குரல்கள் "பொந்து" என்றன. அன்று பாயில் உட்கார்ந்திருந்தவர்கள். நானும் பாடினேன். பாடாதே என்று சொல்ல ஆள் இல்லை.

சுனிதா டொராண்டோ திரும்பிவிட்டாள். மற்றவர்களும் ஆளுக்கொரு திசை. அந்த முன்னறை இப்போது செல்போன் பழுது பார்க்கும் கடை. தமிழ் ஆராதனை நடக்கிறது, கூட்டமும் உண்டு. கிறிஸ்மஸுக்கு அந்தப் பாட்டைப் பாடினார்கள். ஓர் எழுத்துப் பிசகவில்லை. வீடு வீடாகப் போகிற வழக்கம் மட்டும் நின்றுவிட்டது.

வடையைத் தின்று முடித்துக் கல்லாவுக்குப் போனேன். வாய் தானாகவே கேட்டது: "இன்னொரு பொடை கிடைக்குமாம்மா?"

அந்தப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது.

"கிண்டல் பண்ணாதீங்க அங்கிள். அப்பா தினமும் சொல்லித் தர்றாங்க. எனக்கு இப்ப வரும்."

நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு, நிதானமாக, மிகச் சரியாக, "வடை" என்றாள்.