தண்ணீருக்குத் தள்ளி ஒரு அறை

என் நாத்தனார் தன் கல்யாணத்தின் இருபத்தைந்தாவது வருஷத்தைக் கடற்கரை ரிசார்ட் ஒன்றில் கொண்டாடப் போவதாகப் போனில் சொன்னபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். ஆந்திர எல்லைக்குள் இருக்கிற புத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் எனக்குக் கணக்கு டீச்சர் வேலை. இடைவேளை நேரம். பிள்ளைகள் போட்ட சத்தத்தில் அவர் பேசியதில் பாதி காதில் விழவில்லை.

"கடலைப் பாத்த மாதிரி வில்லா. உங்களுக்குத்தான் இருக்கறதுலயே நல்லதா போட்டிருக்கேன். ஒண்ணும் பேசாத, வந்து சேரு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவர் பெங்களூரில் இருக்கிறார். கை தாராளம், மனசும் தாராளம். என் கணவருக்கு ஒரே அக்கா. தம்பி குடும்பம் ஒரு ஊருக்கும் போகாமல் வீட்டோடு கிடக்கிறதே என்ற வருத்தம் அவருக்கு எப்போதும் உண்டு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவர் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். வெள்ளைச் சுவர், மூங்கில் நாற்காலி, தூரத்தில் கடல். கட்டிலை விட்டு இறங்கினால் காலில் படுகிற மாதிரி, அந்த வில்லாவுக்கே சொந்தமாக ஒரு சின்ன நீச்சல் குளம். கட்டிலுக்கும் குளத்துக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. அதன் பூட்டு எங்கே இருக்கிறது என்று படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். தெரியவில்லை.

எங்கள் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. பேச்சு கிடையாது. ஆட்டிசம் என்று சின்ன வயதிலேயே சொல்லிவிட்டார்கள். பசித்தால் தட்டைக் கொண்டு வந்து என் மடியில் வைப்பாள். வெளியே போக வேண்டுமானால் அவள் நைனாவின் செருப்பைத் தூக்கி வருவாள். தண்ணீரைக் கண்டால் மட்டும் யாருடைய கையும் அவளுக்கு வேண்டாம். நேராக அதை நோக்கிப் போய்விடுவாள். பயம் என்பதே இல்லை.

இரண்டு வருஷம் முன்னால் நாராயணவனத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். நான் குனிந்து புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தால் பக்கத்தில் ஆள் இல்லை. மண்டபத்துக்குப் பின்னால் இருந்த குளத்தில் மார்பளவு தண்ணீரில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த படியெல்லாம் பாசி. துணி அலசிக்கொண்டிருந்த ஒரு அம்மாள்தான் பார்த்துக் கையைப் பிடித்து இழுத்தாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசல் கதவுக்கு உச்சியில் ஒரு தாழ்ப்பாள் வந்தது. குளியலறைக்கு வெளியே பூட்டு, தண்ணீர்த் தொட்டிக்கு இரும்பு மூடி. எந்த வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் தேடுவது அங்கே தண்ணீர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத்தான்.

என் கணவருக்கு ரேணிகுண்டாவில் ரயில்வே வேலை. அன்று அவர் வந்ததும் படத்தைக் காட்டினேன்.

"நல்லாத்தானே கீது" என்றார்.

"ரூமுக்குள்ளயே கொளம் இருக்குதுங்க."

"அக்கா ஆசையா பண்ணுது. ஏதும் ஆவாது. நான் கூடவே இருக்கறேன் இல்ல?"

"நாராயணவனத்துலயும் கூடத்தான் இருந்தோம்."

அவர் டிவியைப் போட்டார். இந்தப் பேச்சு வந்தால் அவர் அப்படித்தான். ஏதும் ஆகாது என்பார், எழுந்து போய்விடுவார். கவலைப்படுகிற வேலை முழுவதையும் என் தலையில் கட்டிவிட்டார் என்று எனக்கு உள்ளூரக் கோபம் இருந்தது.

மறுநாள் நானே ரிசார்ட்டுக்குப் போன் செய்தேன். ஒரு பையன் தெலுங்கில் மரியாதையாகப் பேசினான். குளத்தைச் சுற்றி வேலி உண்டா என்று கேட்டேன். "லேது மேடம், வ்யூ போதுந்தி கதா" என்றான். வேலி போட்டால் காட்சி கெட்டுவிடுமாம். கண்ணாடிக் கதவு எப்படி என்று கேட்டேன். தள்ளுகிற கதவு, ரொம்ப லேசு, குழந்தைகளே திறந்துவிடுவார்கள் என்றான். அதை அவன் பெருமையாகச் சொன்னான்.

நேரில் பார்க்காமல் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளை என் தங்கை வீட்டில் விட்டுவிட்டு இருவரும் காரில் கிளம்பினோம். வரதய்யபாளையம் வழியாகத் தடா போய், ஹைவேயில் ஏறி, நாயுடுபேட்டை தாண்டிக் கிழக்கே திரும்பினோம். கடல் நெருங்க நெருங்க ரோட்டுக்கு இரண்டு பக்கமும் இறால் குட்டைகள். கார் ஜன்னலுக்கு வெளியே எங்கே பார்த்தாலும் தண்ணீர்.

மேனேஜர் திருப்பதிக்காரர். இளநீர் கொடுத்து உட்காரச் சொன்னார். நான் வில்லாவைப் பார்க்க வேண்டும் என்றேன். உள்ளே போனதும் மகளின் உயரத்துக்கு மண்டி போட்டு உட்கார்ந்து கண்ணாடிக் கதவைப் பார்த்தேன். பூட்டு அவள் கைக்கு எட்டும் இடத்திலேயே இருந்தது. சுண்டு விரலால் தள்ளினேன். திறந்துகொண்டது. வெளியே அந்தக் குளம். அதை அடுத்துச் செடிகள், செடிகளுக்கு அந்தப் பக்கம் அடுத்த வில்லாவின் குளம், அதற்கும் அந்தப் பக்கம் இன்னொன்று. எதற்கும் நடுவில் சுவர் இல்லை. கோடியில் மரப்பலகை போட்ட பாதை ஒன்று கதவோ கேட்டோ இல்லாமல் நேராகக் கடலில் போய் முடிந்தது. எல்லோருக்கும் பொதுவான பெரிய நீச்சல் குளத்தில் மட்டும் ஒரு ஆள் விசிலோடு உட்கார்ந்திருந்தார். கடலோரத்தில் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

"ஏம் காது மேடம்" என்றார் மேனேஜர். ஒன்றும் ஆகாதாம். வீட்டில் கேட்டது போதாதென்று இங்கேயும் அதே பேச்சு.

"தண்ணீருக்கு ரொம்பத் தள்ளி இருக்கிற அறை எது?" என்று தெலுங்கில் கேட்டேன். அவருக்கு நான் கேட்டது புரியவில்லை. எல்லோரும் தண்ணீருக்குப் பக்கத்தில்தான் அறை கேட்பார்கள். யோசித்துவிட்டுப் பின்பக்கம் கூட்டிப்போனார். சமையற்கட்டுக்கும் சவுக்குத் தோப்புக்கும் நடுவில் ஒரு மாடிக் கட்டடம். விருந்தினர்களின் டிரைவர்கள் தங்குவதற்காகக் கட்டியது. மேல் மாடியில் மரக்கதவு, உச்சியில் தாழ்ப்பாள், ஜன்னலுக்குக் கம்பி. வெளியே எட்டிப் பார்த்தால் துவைத்துக் காயப்போட்ட படுக்கை விரிப்புகள். கடல் கண்ணுக்கே தெரியவில்லை.

ஆனால் கீழே ஜெனரேட்டர் இருந்தது. மிக்ஸி சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொண்டு தலையைச் சுவரில் மோதுகிறவள் எங்கள் பெண். கொஞ்சம் ஓட்டிக் காட்டச் சொன்னேன். மேனேஜர் சலித்துக்கொள்ளாமல் ஆள் அனுப்பினார். அறைக்குள் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கண்ணை மூடி நின்றேன். தரை லேசாக அதிர்ந்தது. இது அவளுக்குத் தாங்குமா, தாங்காதா? சத்தத்தையும் தண்ணீரையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்தேன். சத்தத்தில் அழுவாள். அழுதால் தூக்கி வைத்துக்கொள்ளலாம்.

"இந்த அறையே போதும்" என்றேன்.

நாத்தனாருக்கு அது பெரிய அடியாக விழுந்தது.

"டிரைவருங்க படுக்கற ரூம்லயா என் தம்பிய படுக்க வெக்கறே? எங்க வூட்டுக்காரர் சொந்தமெல்லாம் வருவாங்க. அவங்க இன்னா நெனப்பாங்க?"

"அண்ணி, அவ கதவத் தொறந்தா நேரா தண்ணிதான்."

"உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம். புள்ளைய பொத்திப் பொத்தி வெச்சிகினு கீறே. அதனாலதான் அது..."

அதோடு நிறுத்திக்கொண்டார். நிறுத்தாமல் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் போனை மேஜையில் வைத்துவிட்டேன். ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்ததால் என் கணவருக்கும் கேட்டிருந்தது. அவர் போனை எடுத்து, "ரூம மாத்திடுக்கா" என்று மட்டும் சொன்னார். பிறகு வெளியே போய் வெகுநேரம் தெருவில் நின்றுகொண்டிருந்தார்.

போனோம். முதல் நாள் ஒரு தொல்லையும் இல்லை. ஜெனரேட்டர் ஓடியபோது மகள் காதைப் பொத்திக்கொண்டு என் வயிற்றில் முகத்தைப் புதைத்தாள், பிறகு அடங்கிவிட்டாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காற்றில் ஆடுகிற விரிப்புகளைப் பார்ப்பது அவளுக்குப் பிடித்துப் போயிற்று.

மறுநாள் மதியம் நாத்தனாரின் வில்லாவில் சாப்பாடு. அவர் கணவர் வீட்டு ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். நான் உள்ளே நுழைந்ததும் கண்ணாடிக் கதவைப் பூட்டி, ஒரு கனமான நாற்காலியை இழுத்து அதன் முன்னால் போட்டுவிட்டு, அங்கேயே நின்றேன். நாலைந்து பேர் என்னைப் பார்த்தார்கள். நாத்தனாருக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும்.

"காவல்காரன் மாதிரி நின்னுகினு கீறியே. நீ போய்த் துன்னு. நான் பாத்துக்கறேன். என் கையப் புடிச்சிகினுதானே கீறா" என்றார்.

உண்மைதான். மகள் அவர் வளையல்களைத் தள்ளித் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தாள். நான் முன்னறைக்குப் போய்த் தட்டில் சோறு போட்டுக்கொண்டேன். அந்த நேரத்தில் ரிசார்ட் ஆட்கள் கேக்கைத் தூக்கிக்கொண்டு குளத்துப் பக்கமாக வந்திருக்கிறார்கள். யாரோ நாற்காலியை நகர்த்திக் கதவைத் திறந்துவிட்டார்கள். கேக் வைக்க மேஜையில் இடம் பண்ணுவதற்காக நாத்தனார் கையை எடுத்தார்.

"புள்ள எங்க?" என்று அவர் கேட்டது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

நான் முதலில் அந்த வில்லாவின் குளத்துக்கு ஓடினேன். தண்ணீர் தெளிவாக இருந்தது, அடித்தரையின் நீலச் சதுரங்கள் வரை தெரிந்தது. யாரும் இல்லை. செடிகளைத் தாண்டி அடுத்த குளம். அதுவும் காலி. அதற்கடுத்ததில் சிவப்பாக ஏதோ மிதந்தது. அவள் சிவப்புக் கவுன்தான் போட்டிருந்தாள். என் கால் அப்படியே நின்றுவிட்டது. அது காற்றடித்த மிதவை. மறுபடி ஓடினேன். எந்தத் தண்ணீர், எந்தத் தண்ணீர் என்று மட்டும் மனசு அடித்துக்கொண்டது. ஒரு குளத்தைப் பார்க்கிற நேரத்தில் அவள் இன்னொன்றில் இருந்தால்? திரும்பி முதல் குளத்துக்கே போகலாமா என்றுகூடத் தோன்றியது.

கடைசி வில்லாவைத் தாண்டியதும் கடல் தெரிந்தது. எனக்கு முன்னாலேயே ஓடிவந்திருந்த என் கணவர் அதில் நின்றிருந்தார். சட்டை பேண்ட்டோடு, இடுப்பளவு தண்ணீரில். சுற்றிச் சுற்றித் திரும்பி இரண்டு கைகளாலும் தண்ணீரை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அலை வந்து மோதுகிறது, விழுகிறார், எழுந்து மறுபடி விலக்குகிறார்.

"அம்மாடி! நைனா இங்க கீறேன்! அம்மாடி!"

அவள் பதில் சொல்ல மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் கத்திக்கொண்டே இருந்தார். அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் பலகைப் பாதைப் பக்கமிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. "ஏமே, இங்க கீறா! இங்க கீறா!"

கடலில் குளித்துவிட்டு வருகிறவர்கள் மணலைக் கழுவிக்கொள்ள அங்கே ஒரு ஷவர் வைத்திருந்தார்கள். சுற்றிலும் தென்னங்கீற்றுத் தடுப்பு. அதற்குள் மகள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாயை மேலே திறந்து, விழுகிற தண்ணீரைக் குடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் பட்டுப்புடவையோடு அந்தத் தண்ணீருக்குள்ளேயே நின்று அவள் கவுனை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். அவருக்கு முட்டி வலி, எங்களைப் போல ஓட முடியாது. மெதுவாக வந்ததால் தண்ணீர் விழுகிற சத்தம் காதில் பட்டிருக்கிறது. செருப்பில்லாத காலில் கிளிஞ்சல் குத்தி ரத்தம் வந்துகொண்டிருந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை.

மகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு நான் கடலுக்குள் போனேன். அலைச் சத்தத்தில் நான் கூப்பிட்டது என் கணவருக்குக் கேட்கவில்லை. கையைப் பிடித்துத் திருப்பினேன்.

"கெடச்சிட்டா. ஷவர்ல உக்காந்திருக்கா. நல்லா இருக்கா."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு அலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். நான்தான் தூக்கி நிறுத்திக் கூட்டி வந்தேன். ஏதும் ஆகாது, ஏதும் ஆகாது என்று இத்தனை நாள் யாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் விளங்கியது. என் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கேக் வெட்டினார்களா என்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் நாத்தனார் எங்கள் மாடிக்கு ஏறி வந்தார். படிக்கட்டில் நின்று நின்று வருவது கேட்டது. காலில் கட்டு. கட்டிலில் உட்கார்ந்து, தூங்கிக்கொண்டிருந்த மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையத்தான்மே வுட்டேன். கேக் வெக்க எடம் பண்ணலாம்னு. அவ்ளோதான்."

"தெரியும் அண்ணி."

"இப்டி தெனம் பயந்துகினு கெடந்து நீ எப்டிமே தூங்கறே?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். போனில் பாதியில் நின்ற அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் என் கணவர்தான், "அவள கடலுக்குக் கூட்டிகினு போலாம்" என்றார். வேண்டாம் என்று வாய் வரை வந்தது. போனோம். ஒரு கையை அவர் பிடித்துக்கொண்டார், இன்னொரு கையை நாத்தனார். அலை காலில் பட்டதும் மகள் துள்ளினாள், முழங்கால் வரை வந்ததும் ஓவென்று கத்திச் சிரித்தாள். நான் பின்னால் அவள் கவுனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிளம்ப நேரமானபோது அவள் வர மறுத்தாள். மணலில் புரண்டு அலறினாள். என் கணவர் தூக்கியதும் அவர் தோளில் கடித்தாள். மூங்கில் நாற்காலிகளில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கு நடுவிலேயே அவளைச் சுமந்துகொண்டு நடந்தோம். அன்று மதியமே ஊருக்குத் திரும்பிவிட்டோம்.

திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமில் சயின்ஸ் டீச்சர் கேட்டாள், தசரா லீவில் அவர்களும் போகலாம் என்று இருக்கிறார்களாம், இடம் எப்படி என்று.

"எடம் நல்லா இருக்குது. சாப்பாடும் நல்லா இருக்குது" என்றேன். "உங்க வீட்லேர்ந்து யார் யார் போறீங்க?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சொல்லுங்க. அது தெரிஞ்சாத்தான் மத்தத சொல்ல முடியும்" என்று நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.