ஒன்பதரை மணி ஆட்டம்

ஆட்டத்தை ஒன்பதரை மணிக்கு வைக்கச் சொன்னது நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம்.

என் கணவருக்குக் கப்பல் டிக்கெட் கவுன்ட்டரில் வேலை. திருநெல்வேலிப் பக்கமிருந்து கடல் தாண்டி இந்தத் தீவுக்கு வந்து டாலிகஞ்சில் குடியேறி அப்போது ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அலுவலகக் குடும்பங்கள் எல்லாம் வண்டூர் கடற்கரைக்குப் போவதாக ஏற்பாடு. அங்கே கல்யாணமானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் கிரிக்கெட். காலை ஆறு மணிக்கே தொடங்கலாம் என்றார்கள்.

"ஆறு மணிக்குள்ள எந்த மகராசி இத்தன பேருக்குப் புளியோதரை கிண்டுவா? ஒன்பதரைக்கு வைங்க. காலை வெயில்தான, என்ன ஆயிரும்?" என்றேன்.

பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்ணும் அலுவலகக் குடும்பம்தான். அவள் அப்போதே தடுத்தாள். "பாபி, யஹாங் நௌ பஜே தோபஹர் ஜைஸா ஹை." இங்கே ஒன்பது மணி என்றாலே மத்தியானம் மாதிரிதான் என்றாள். அவள் சொன்னது சரிதான். சூரியன் இங்கே ஐந்து மணிக்கே எழுந்துவிடும். கடிகாரம் மட்டும் மெயின்லேண்டோடு சேர்ந்து ஓடும். ஏழு மாதமாக அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இருந்தும் ஒன்பது மணி என்றால் என் மனசில் எங்கள் ஊர் ஒன்பது மணிதான்.

இவரோ நாள் முழுக்க ஏசிக்குள் உட்கார்ந்திருக்கும் மனிதர். ஓடிப் பல மாதம் ஆகிறது. போட்டிக்கென்று அச்சடித்த தடித்த முழுக்கை ஜெர்சி வேறு. மூன்றாவது ஓவரிலேயே கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் கொண்டு ஓடினேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "தலை வலிக்கி, சும்மா நச்சாத. போ" என்று எரிந்து விழுந்தார். எப்போதும் கேலி பேசுகிறவர், நாலு பேர் முன்னால் இப்படிப் பேசியதும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம். தாகம் எடுத்தால் தானே வரட்டும் என்று போய் நிழலில் உட்கார்ந்துகொண்டேன்.

சற்று நேரத்தில் பந்து ஒரு பக்கம் போக, இவர் தள்ளாடியபடி என் பக்கம் நடந்து வந்தார். நேரே என்னைப் பார்த்து, "மேடம், லைன் மே ஆயியே" என்றார். கவுன்ட்டரில் தினமும் சொல்வது. வரிசையில் வரச் சொல்கிறார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் பாதிச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் கண்ணில் கேலி இல்லை. என்னிடம் அவர் ஒரு நாளும் இந்தி பேசியதில்லை.

"ஏங்க, நான் யாரு?"

"ஐலண்டர் கார்ட் திகாயியே."

தீவுக்காரர்கள் டிக்கெட் எடுக்கக் காட்டும் அட்டையை என்னிடம் கேட்கிறார். அடுத்த நொடி அவர் கால் மடங்கி விழுந்தார். கழுத்தைத் தொட்டேன். வியர்வை கொட்டிக்கொண்டிருந்தது, உடம்போ அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரமாகக் கொதித்தது.

வாளியில் தண்ணீரோடு ஓடி வந்தேன். அலுவலகத்தில் மூத்தவர், மதுரைக்காரர், கையை நீட்டித் தடுத்தார். "கொதிக்கிற உடம்புல பச்சத்தண்ணி ஊத்தாதம்மா. ஜன்னி கண்டுரும். வண்டி வரட்டும்." என் அம்மாவும் அப்படித்தான் சொல்லுவாள். நானும் நம்பித்தான் இருந்தேன். வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வாளியைப் பிடுங்கியது அந்த வங்காளிப் பெண். தலையிலிருந்து கால்வரை ஊற்றினாள். ஜெர்சியைக் கழற்றச் சொல்லிக் கத்தினாள். ரோட்டோரம் மீன் விற்றுக்கொண்டிருந்தவரின் பெட்டியிலிருந்து ஐஸை அள்ளி வந்து கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வைத்தாள். யாரோ குளுக்கோஸ் கரைத்து வாயில் ஊற்றப் போனார்கள். விழுங்க முடியாதவருக்குப் புரை ஏறும் என்று தட்டிவிட்டாள். ஆம்புலன்ஸ் வந்து சேர அரை மணி நேரமானது. அதுவரை நானும் விடாமல் ஊற்றினேன். ஒவ்வொரு வாளிக்கும் "நான் யாருங்க?" என்று கேட்டேன். வந்ததெல்லாம் மீன் வாடையும் அவருடைய மூச்சுச் சத்தமும்தான்.

உடம்பைக் குளிர வைத்துக் கொண்டு வந்ததால்தான் உயிர் மிஞ்சியது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் எதுவும் சொல்லியிருக்க முடியாது என்றார் டாக்டர். சாயங்காலம் கண் திறந்தார். நர்ஸ் இந்தியில் பெயரைக் கேட்டார். இந்தியிலேயே சரியாகச் சொன்னார். எல்லோருக்கும் நிம்மதி, எனக்கு மட்டும் இல்லை. கட்டில் பக்கம் குனிந்தேன்.

"ஏங்க, நான் யாரு?"

கண்ணைச் சுருக்கி என் முகத்தைப் பார்த்தார்.

"மணி பாக்கத் தெரியாதவ" என்றார்.

அழுதுகொண்டே சிரித்தேன். இப்போதும் யார் வீட்டுக்கு வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லி என்னைக் கேலி செய்கிறார். நானும் கூடச் சேர்ந்து சிரிக்கிறேன். வாளியோடு சும்மா நின்றதை மட்டும் அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.